ஃபிளமென்கோ 3: சிறிய அனிமேஷன் ஸ்டூடியோவின் இரவு ரெண்டருக்குத் தாங்குமா?

பம்ப் செட்டைப் பாதியாக வெட்டி, உள்ளே இம்பெல்லர் சுழலும்போது தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது என்று காட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. கோயம்புத்தூரில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. கொடிசியா வளாகத்தில் ஒரு கண்காட்சி வருகிறது என்றால் பம்ப், மோட்டார், நூற்பாலை இயந்திரம், வெட் கிரைண்டர் என்று எல்லாவற்றுக்கும் ஒன்றரை நிமிட அனிமேஷன் வேண்டும். அதையும் அரங்கு திறப்பதற்கு முந்தைய வாரம்தான் சொல்வார்கள். மாடல் செய்பவர், அசைவு கொடுப்பவர், ஒளியமைக்கும் தம்பி என்று ஆளுக்கொரு வேலை இருக்கிறது. எல்லாருடைய தாமதமும் கடைசியில் வந்து சேரும் இடம் ரெண்டர், அதாவது காட்சியைக் கணினி ஒவ்வொரு படமாக வரைந்து முடிக்கும் கட்டம். அந்த மேசை என்னுடையது.

ஒன்றரை நிமிடம் என்பது பார்ப்பவருக்குக் கொஞ்ச நேரம். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் அது 2,160 படங்கள். ஒரு படத்துக்கு 4 நிமிடம் பிடித்தால் மொத்தம் 8,640 நிமிடம். ஒரே கணினியில் போட்டால் 144 மணி நேரம், அதாவது இரவு பகலாக 6 நாள். ஒரே திறனுள்ள 6 கணினிகளுக்குப் பங்கிட்டால் ஒரே நாள். ஒரு ஃப்ரேமை வரைய முந்தைய ஃப்ரேமின் படம் தேவையில்லை என்பதால் பங்கிடுவதில் சிக்கலும் இல்லை. "1 முதல் 400 வரை இந்த மெஷின், 401 முதல் 800 வரை அந்த மெஷின்" என்று துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிக்கொண்டுதான் பல சிறிய ஸ்டூடியோக்கள் இன்றும் காலம் தள்ளுகின்றன. எங்கள் ஸ்டூடியோவில் அந்தச் சீட்டு இருந்த இடத்தில் இப்போது ஃபிளமென்கோ இருக்கிறது. ஃப்ரேம்களைக் கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருள் அது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே அலுவலகம், பத்துக்குள் கணினிகள், வேலை முழுவதும் ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் என்றால் ஃபிளமென்கோவைத் தயங்காமல் போடலாம். மாயா, ஹூடினி போன்ற வேறு 3டி மென்பொருள்களும் கலந்து ஓடும் இடம் என்றால் வேறு கடை பாருங்கள். நான் இதைப் பரிந்துரைப்பது வேகத்துக்காக அல்ல. பங்கிடும் மென்பொருள் எதுவும் ஒரு ஃப்ரேமை ஒரு நொடிகூட வேகமாக்கித் தராது. காலையில் வந்து உட்கார்ந்ததும் எது முடிந்தது, எது நின்றது, ஏன் நின்றது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதை ஃபிளமென்கோ மறைக்காமல் சொல்கிறது. மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ப்ளெண்டர் ஸ்டூடியோ தன் சொந்தப் படங்களுக்காகச் செய்து, பிறகு எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கும் மென்பொருள் இது. மூல நிரலும் திறந்தே இருக்கிறது. 2022இல் வந்த மூன்றாம் பதிப்பில் அடியிலிருந்து திருத்தி எழுதினார்கள். முக்கியமாக எழுதியவர் சிப்ரன் ஸ்டூவெல். தானே உட்கார்ந்து ரெண்டர் போடுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து எழுதப்பட்ட மென்பொருள் என்பது பல இடங்களில் தெரிகிறது. மூன்று பகுதிகள் உண்டு: வேலையைப் பங்கிடும் மேனேஜர், ஒவ்வொரு கணினியிலும் ஓடும் வொர்க்கர், ப்ளெண்டருக்குள் உட்காரும் ஆட்-ஆன்.

நிறுவுவதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கணினியில் மேனேஜரை ஓட்டினால் பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கிறது. பொதுச் சேமிப்பு எங்கே, ப்ளெண்டர் எங்கே என்று கேட்கிறது. பதில் சொன்னால் முடிந்தது. தனியாக டேட்டாபேஸ் சர்வர் வேண்டாம். எல்லாம் ஒரே எஸ்.க்யூ.லைட் கோப்பில் இருக்கிறது. வொர்க்கரை மற்றக் கணினிகளில் ஓட்டினால் அதே நெட்வொர்க்கில் மேனேஜரைத் தானாகவே தேடிப் பிடிக்கிறது. பிடிக்காவிட்டால் மேனேஜரின் முகவரியை வொர்க்கரின் அமைப்புக் கோப்பில் எழுதிவிட வேண்டும். போர்ட் எண் வழக்கமாக 8080. சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸும் கூகுளும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஓப்பன்க்யூ என்ற பங்கிடும் மென்பொருளும் இலவசம்தான். ஆனால் அதற்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், தனி சர்வர் என்று ஒரு பரிவாரம் தேவை. கணினிப் பராமரிப்புக்கென்றே ஆள் வைத்திருக்கும் பெரிய ஸ்டூடியோவுக்கு அது பொருந்தும். எங்கள் இடத்தில் அந்த ஆளும் நான்தான்.

பொதுச் சேமிப்பு மட்டும் ஒழுங்காக அமைய வேண்டும். எல்லாக் கணினிகளும் ஒரே ஃபோல்டரை ஒரே பாதையில் பார்க்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. நாங்கள் ஒரு நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் எல்லாரும் பகிரும் டிஸ்க்) வைத்து, கம்பி இணைப்பில் ஓட்டுகிறோம். வைஃபையில் ரெண்டர் ஃபார்ம் நடத்த நினைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். மேகத்தில் கோப்பை ஏற்றி, பிறகு மெதுவாக எல்லாக் கணினிகளுக்கும் ஒத்திசைக்கும் சேவைகள் இதற்குச் சரிப்படாது. வொர்க்கர் கோப்பைத் தேடும்போது அது இன்னும் வந்து சேர்ந்திருக்காது. விண்டோஸும் லினக்ஸும் கலந்திருந்தால் பாதைகள் வேறுபடும் அல்லவா? அதற்கு மேனேஜரின் அமைப்புக் கோப்பில் இருவழி மாறிகள் என்று ஒரு வசதி இருக்கிறது. விண்டோஸில் எஸ் டிரைவ் என்று தெரிவது லினக்ஸில் எந்த ஃபோல்டர் என்று ஒருமுறை எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் அதுவே மாற்றிக்கொள்கிறது.

வேலையை அனுப்பும் இடம் எனக்குப் பிடித்தது. ப்ளெண்டரில் ரெண்டர் எங்கே சேமிக்க வேண்டும் என்று சொல்லும் அதே அவுட்புட் பக்கத்தில்தான் ஃபிளமென்கோவின் பலகையும் இருக்கிறது. வேலை வகையைத் தேர்ந்தெடுத்து, ஃப்ரேம் எண்களைக் கொடுத்து, அனுப்பு என்றால் போய்விடுகிறது. அந்த ஃப்ரேம் எண் பெட்டியை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். "1-240" என்று மட்டுமல்ல, "3, 5-10, 47-327" என்றும் எழுதலாம். முழு ஷாட்டை அனுப்புவதற்கு முன் 1, 60, 120, 180, 240 என்று ஐந்து ஃப்ரேம்களை மட்டும் அனுப்புவது எங்கள் வழக்கம். கேமரா ஒரு வால்வுக்குள் புகுந்துவிட்டதா, கடைசி ஃப்ரேமில் பின்னணித் தரை முடிந்துபோய் வெற்றிடம் தெரிகிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். கெட்டுப்போன ஃப்ரேம்களை மட்டும் திரும்பப் போடுவதற்கும் இதே பெட்டிதான். 137, 141-146 என்று எழுதினால் அந்த ஏழு மட்டும் வரும்.

அதற்குக் கீழே சங்க் அளவு என்று ஓர் எண் இருக்கிறது. ஒரு பணியில் எத்தனை ஃப்ரேம்களைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்பதற்கான எண் அது. பலர் அதை இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பணிக்கும் வொர்க்கர் ப்ளெண்டரைப் புதிதாகத் திறந்து, காட்சிக் கோப்பை ஏற்றி, டெக்ஸ்சர்களை (பொருளின் மேல் ஒட்டும் படங்களை) படித்து, அதற்குப் பிறகுதான் வரையத் தொடங்கும். எங்களுடைய மோட்டார் காட்சி ஒன்று திறப்பதற்கே 2 நிமிடம் எடுக்கும். ஒரு ஃப்ரேம் வரைய 40 நொடி போதும். சங்க் அளவு 1 என்று வைத்தால் பந்தியில் ஒவ்வொரு இலைக்கும் சமையலறைக்குத் திரும்பிப் போய் ஒரு கரண்டி சாம்பார் எடுத்து வருவதுபோல்தான் ஆகும். பத்துப் பத்தாகக் கொடுத்தால் பத்து ஃப்ரேமுக்கு 8 நிமிடம் 40 நொடி. ஒவ்வொன்றாகக் கொடுத்தால் அதே பத்துக்கு 26 நிமிடம் 40 நொடி. கணினி அதேதான், கிராஃபிக்ஸ் கார்டு அதேதான்.

அதற்காக ஐம்பது, நூறு என்று ஏற்றிவிடவும் கூடாது. ஒரு பணி பாதியில் விழுந்தால் அந்தப் பணி மொத்தமும் திரும்ப வரிசைக்குப் போகும். முன்னுரிமைக்கும் இதில் தொடர்பு உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் 50 என்று ஓர் எண் தானாக வருகிறது. அவசரமானதற்கு 80 கொடுத்தால் அது முன்னால் வரும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பணியைப் பிடுங்கிவிட்டு அது உள்ளே வராது. வொர்க்கர் கையில் இருப்பதை முடித்த பிறகுதான் அடுத்ததை எடுக்கும். சங்க் பெரிதாக இருந்தால் "மேடம், அந்தப் பத்து செகண்டு மட்டும் இப்போதே அனுப்பிவிடுங்கள்" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அரை மணி நேரம் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். கனமான ஃப்ரேமுக்கு 1 அல்லது 2, இலேசான ஃப்ரேமுக்கு 10 என்பது எங்கள் கணக்கு.

இனி, நான் இதை விட்டுக்கொடுக்காமல் பேசும் பகுதி. இரவில் ஒரு பணி தோற்றால் ஃபிளமென்கோ என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு வொர்க்கரிடம் தோற்ற பணியை உடனே குப்பையில் போட்டுவிடாது. 'சாஃப்ட் ஃபெயில்டு' என்று குறித்துக்கொண்டு வேறொரு வொர்க்கரிடம் கொடுக்கிறது. வழக்கமான அமைப்பில் மூன்று வொர்க்கர்களிடம் தோற்றால்தான் அந்தப் பணி தோற்றது என்று முடிவு செய்கிறது. அதேபோல ஒரே வேலையில் ஒரு வொர்க்கர் திரும்பத் திரும்பத் தோற்றால் அந்தக் கணினியை அந்த வகைப் பணியிலிருந்து ஒதுக்கிவைக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து காலையில் எனக்கு ஒரு நோய்க்குறிப்பைத் தருகின்றன. எல்லாக் கணினிகளும் ஒரே ஃப்ரேமில் விழுந்தால் கோளாறு காட்சியில். ஒரே கணினி எல்லா ஃப்ரேம்களிலும் விழுந்தால் கோளாறு அந்தக் கணினியில். பணியைச் சொடுக்கினால் ப்ளெண்டர் கக்கிய லாக், அதாவது வரிவரியான செயல்பாட்டுப் பதிவு, அப்படியே வருகிறது. பெரும்பாலும் கடைசிப் பத்து வரிகளில் பதில் இருக்கும்.

எங்களுக்கு அடிக்கடி வரும் பதில் கார்டின் நினைவகம் தீர்ந்துபோனது என்பதுதான். டிஸ்கில் 6 எம்.பி. இருக்கும் ஜேபெக் படம் ரெண்டருக்குள் போனால் அதே 6 எம்.பி. இருக்காது. 8,192 பிக்சல் சதுரப் படம், நான்கு சேனல், சேனலுக்கு 8 பிட் என்றால் விரித்த நிலையில் 256 எம்.பி. ஆகிவிடுகிறது. மோட்டாரின் பெயர்த்தகடு திரையில் கட்டை விரல் அளவுதான் தெரியும். அதற்கு 8,192 பிக்சலில் ஒரு டெக்ஸ்சர், துருவுக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று. 8 ஜி.பி. கார்டு எங்கே தாங்கும்? மாடல் செய்கிறவர்களுக்குத் தங்கள் பொருளின் மேல் பாசம் இருக்க வேண்டியதுதான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை வேண்டாமா. இந்த மாதிரி கனமான காட்சிகளுக்கு ஃபிளமென்கோவில் ஒரு வழி இருக்கிறது. வொர்க்கர்களுக்கு டேக் ஒட்டலாம். 'பெரிய கார்டு' என்று ஒரு டேக் கொடுத்து, அந்த வேலையை அந்த டேக்கோடு அனுப்பினால் அது 12 ஜி.பி. கார்டு உள்ள கணினிகளுக்கு மட்டுமே போகும். சிறிய கார்டுகள் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்.

விழாமல், பிழை எதுவும் காட்டாமல், மெதுவாக மட்டும் ஓடும் கணினியைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். ப்ளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸ் எந்தக் கார்டில் ஓட வேண்டும் என்ற தேர்வு காட்சிக் கோப்பில் இருப்பதில்லை; அந்தந்தக் கணினியில் உள்ள ப்ளெண்டரின் சொந்த அமைப்புகளில் இருக்கிறது. புதுக் கணினியில் ப்ளெண்டரைப் போட்டுவிட்டு அங்கே கார்டைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் அது சத்தமில்லாமல் பிராசஸரில் வரைந்துகொண்டிருக்கும். இதை ஃபிளமென்கோவின் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வொர்க்கரும் ஒரு ஃப்ரேமுக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் எடுத்தது என்று முகப்பிலேயே ஒரு பத்தி காட்டினால் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடலாம். இப்போதைக்கு லாக்கைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லாக் கணினிகளிலும் ப்ளெண்டர் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிப்பு மாறினால் ஒளியிலும் நாய்ஸிலும் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்) சிறு வேறுபாடு வரும். தனி ஃப்ரேமில் கண்ணுக்குத் தெரியாது; ஓட்டிப் பார்த்தால் மினுக்கும்.

தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் படங்களில் பாதித் தலைவலி தண்ணீர்தான். ஒரு ஃப்ரேமுக்கு முந்தைய ஃப்ரேமின் படம் தேவையில்லை என்று மேலே சொன்னேன். சிமுலேஷனுக்கு, அதாவது தண்ணீரின் ஓட்டத்தைக் கணினியே கணக்கிடும் வேலைக்கு, அது பொருந்தாது. 100ஆவது ஃப்ரேமில் தண்ணீர் எங்கே இருந்தது என்று தெரியாமல் 101ஐக் கணக்கிட முடியாது. எந்த வொர்க்கருக்கு எந்தச் சங்க் போகும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. அதனால் தண்ணீர், துணி, புகை எதுவானாலும் ஒரே கணினியில் முழுவதும் பேக் செய்து (முன்கூட்டியே கணக்கிட்டு), சேமித்த அந்தக் கணக்கை, அதாவது கேஷை, பொதுச் சேமிப்பில் வைத்த பிறகுதான் ரெண்டருக்கு அனுப்ப வேண்டும். செய்யாவிட்டால் பத்துப் பத்து ஃப்ரேமுக்கு ஒருமுறை தண்ணீர் காணாமல் போய்த் திரும்ப வரும். ஃபிளமென்கோ இதில் எந்த எச்சரிக்கையும் தராது. கேஷ் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலையும் இல்லை. அனுப்புவதற்கு முன் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை நாங்களே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். அதில் முதல் வரி இதுதான்.

கோப்புகளை அனுப்ப இரண்டு மூன்று வழிகள் உண்டு. காட்சிக் கோப்பு ஏற்கெனவே பொதுச் சேமிப்பில் இருந்தால் ஃபிளமென்கோ அதற்குப் பக்கத்திலேயே ஒரு பிரதியைச் சேமித்துக்கொண்டு அங்கிருந்தே ஓட்டுகிறது. வேகமான வழிதான். ஆனால் பிரதி எடுப்பது காட்சிக் கோப்பை மட்டும். டெக்ஸ்சர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். 120ஆவது ஃப்ரேம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் பச்சைப் பெயின்ட் படத்தின் மேல் நீலத்தைச் சேமித்தால், 121இலிருந்து பம்ப் நீலமாகிவிடும். கோப்பு வேறிடத்தில் இருந்தால் தேவையான எல்லாவற்றையும் மூட்டை கட்டி வேலைக்கென்று ஒரு தனி ஃபோல்டரில் வைக்கிறது. பாதுகாப்பான வழிதான், ஆனால் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் டிஸ்க் நிரம்பிக்கொண்டே போகும். மூன்றாவது, ஷாமன் என்ற சேமிப்பு முறை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கையொப்ப எண் கணக்கிட்டு, அதே கோப்பு முன்பே வந்திருந்தால் திரும்ப ஏற்றாமல் ஓர் இணைப்பை மட்டும் வைக்கிறது. ஒரே பம்ப்புக்குப் பல ஷாட் என்னும்போது இது பெரிய சேமிப்பு. ஆனால் அதற்கு, கோப்பைப் பிரதி எடுக்காமல் அதன் இடத்தை மட்டும் சுட்டும் குறியீட்டு இணைப்புகள் வேலை செய்ய வேண்டும். லினக்ஸில் இது ஒரு விஷயமே இல்லை. விண்டோஸில் அதற்கென்று அனுமதி கொடுத்துப் பழக்க வேண்டும். மேனேஜரை ஒரு பழைய லினக்ஸ் கணினிக்கு மாற்றினோம். அதன் பிறகு ஷாமனைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. ஒரு மென்பொருளுக்கு இதைவிடப் பாராட்டு என்ன வேண்டும்.

வெளியீட்டைப் பற்றி எனக்குப் பாதி மகிழ்ச்சிதான். நேரடியாக வீடியோவாக ரெண்டர் போட ஃபிளமென்கோ விடாது. படங்களாகத்தான் போட வேண்டும். இதற்கு நான் கை தட்டுவேன். வீடியோவாகப் போட்டு, மின்சாரம் போனால் கையில் எதுவும் மிஞ்சாது. பி.என்.ஜி. என்றால் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பார்வை வீடியோவும் செய்து வைக்கிறது. நாங்கள் போடுவதோ இ.எக்ஸ்.ஆர். என்ற பட வடிவம், அதுவும் ஒரே கோப்பில் பல அடுக்கு. வாடிக்கையாளர் கடைசி நாளில் "இது எங்கள் நீலம் இல்லை" என்று சொல்வார். அப்போது ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகக் குறித்து வைக்கும் கிரிப்டோமேட் அடுக்கிலிருந்து பம்ப்பின் உடலை மட்டும் பிரித்தெடுத்து நிறத்தை மாற்றிவிடலாம். 2,160 ஃப்ரேமையும் திரும்பப் போட வேண்டாம். அந்த இ.எக்ஸ்.ஆர். என்றால் மட்டும் பார்வை வீடியோ கிடையாது; ஃபிளமென்கோ அந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறது. ரெண்டர் முடிந்த கோப்புகள் வேலையின் பெயர், தேதி, நேரம் என்று ஒவ்வொரு முறையும் புது ஃபோல்டரில் போய் உட்காருவது இன்னொன்று. பழையது அழியாது என்பது நல்லதுதான். ஆனால் திரும்பப் போட்ட ஏழு ஃப்ரேம்கள் ஓரிடம், மற்ற 233 வேறிடம் என்று கிடக்கும். எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது நம் பாடு.

இந்த இரண்டுக்கும் மாற்று உண்டு. வேலை வகைகள் எல்லாம் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள். இருப்பதைப் பிரதி எடுத்துத் திருத்தி மேனேஜருக்குப் பக்கத்தில் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் வைத்தால் ப்ளெண்டரின் பட்டியலில் புது வகையாக வந்துவிடுகிறது. எங்கள் ஒளியமைப்புத் தம்பி நிரல் எழுதப் படித்தவர் அல்ல. அவரே ஒரு மதியப் பொழுதில் ஃபோல்டர் பெயரை ஷாட் எண்ணாக மாற்றினார். கடைசியில் இ.எக்ஸ்.ஆர். படங்களை ப்ளெண்டரின் வீடியோ எடிட்டரில் அடுக்கி எம்.பி.4 ஆக்கும் ஒரு பணியையும் சேர்த்துவிட்டு, "அக்கா, இனி ஃபோல்டர் தேட வேண்டாம்" என்றார். விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்களில்கூட இந்தத் தாராளம் எல்லாவற்றிலும் இருப்பதில்லை.

வொர்க்கர்களுக்கு உறக்க நேரம் குறித்து வைக்கும் வசதி எங்கள் அலுவலகத்தில் சண்டைகளைக் குறைத்திருக்கிறது. எங்களிடம் ரெண்டருக்கென்று தனிக் கணினிகள் குறைவு. பகலில் அனிமேட் செய்யும் அதே கணினிதான் இரவில் ரெண்டர் போடுகிறது. வாரத்தின் எந்த நாட்களில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை உறங்க வேண்டும் என்று ஒவ்வொரு வொர்க்கருக்கும் எழுதிவிட்டால், காலையில் ஆள் வந்து உட்காரும் நேரத்துக்கு அது ஒதுங்கிக்கொள்கிறது. கையில் இருப்பதை முடித்துவிட்டு நிற்கவும் சொல்லலாம், போட்டதைப் போட்டபடி உடனே நிற்கவும் சொல்லலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இந்த இரண்டாவது பொத்தான் உதவும். யு.பி.எஸ். ஓலமிடத் தொடங்கும்போது எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். மின்சாரம் வந்ததும் மேனேஜரை ஓட்டினால் முடிந்த பணிகள் முடிந்தவையாகவே இருக்கின்றன. அரைகுறையாக நின்றவை மட்டும் திரும்ப வரிசையில் நிற்கின்றன.

பூட்டு கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். மேனேஜரின் பக்கத்துக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இல்லை. அதே நெட்வொர்க்கில் இருக்கும் யார் வேண்டுமானாலும் திறந்து யாருடைய வேலையையும் நீக்கலாம். நம்பிக்கையான உள்நெட்வொர்க்குக்கு என்றே செய்திருக்கிறார்கள். நாலைந்து பேர் உள்ள இடத்தில் அதுவே வசதி; மாணவர்கள் முப்பது பேர் இருக்கும் பயிற்சி மையத்தில் நான் இதைத் திறந்து வைக்க மாட்டேன். இணையத்துக்கு நேராகத் திறந்து வைப்பது பற்றி நினைக்கவே வேண்டாம்.

வாடகை ரெண்டர் ஃபார்ம் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். நாங்களும் ஓர் இணைய ஃபார்மைப் பயன்படுத்திப் பார்த்தோம், பெயர் வேண்டாம். அவர்கள் ரெண்டர் போட்ட நேரத்தைவிட எங்கள் தண்ணீர்க் கேஷ் மேலே ஏறிய நேரம் அதிகம். ஏறி முடித்த பிறகு ஒரு டெக்ஸ்சர் காணவில்லை என்று செய்தி. அதற்குள் ஓடிய நேரத்துக்கும் பில். கேஷ் இல்லாத, டெக்ஸ்சர் குறைந்த, கணக்கு மட்டும் கனமான காட்சி என்றால் வாடகை ஃபார்ம் பணத்துக்குத் தகும். சிமுலேஷன் நிறைந்த காட்சி என்றால் இணைய வேகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: சைக்கிள்ஸ் தேவைதானா? 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் படம் 'ஃப்ளோ' முழுவதும் ப்ளெண்டரின் வேகமான இன்னொரு ரெண்டர் எஞ்சினான ஈவீயில்தான் ரெண்டர் ஆனது. குழந்தைப் பாடல் வீடியோக்களை நாங்களும் ஈவீயில் போடுகிறோம். ஃப்ரேமுக்குச் சில நொடிகள்தான், ஒரே கணினி போதும், ஃபிளமென்கோ பக்கமே போவதில்லை. எவர்சில்வர் உடலில் கண்ணாடிக் குழாயின் நிழலும், குழாய்க்குள் தண்ணீரின் ஒளிவிலகலும் உண்மையாகத் தெரிய வேண்டும் என்று கேட்பவர்களுக்குத்தான் சைக்கிள்ஸ், அவர்களுக்குத்தான் இந்தக் கூட்டம் எல்லாம்.

மேனேஜர், வொர்க்கர், ஆட்-ஆன் மூன்றும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். மேனேஜரை மாற்றிவிட்டு மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆட்-ஆனை மேனேஜரின் பக்கத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம், அதனால் பதிப்புக் குழப்பம் வராது. வரிசையில் வேலை எதுவும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, பழைய அமைப்புக் கோப்பையும் எஸ்.க்யூ.லைட் கோப்பையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள். கண்காட்சி வாரத்தில் மட்டும் வேண்டாம்.